ஃப்ரெஷர் சம்பளப் பேச்சு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேம்பஸில் ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கும் ஐடி நிறுவனத்திடம் சம்பளத்தைக் கூட்டிக் கேட்பதில் பயனே இல்லை. உங்களோடு பேசும் எச்ஆருக்கு அந்தத் தொகையை மாற்றும் அதிகாரம் கிடையாது. டிசிஎஸ்ஸில் நிஞ்சா, டிஜிட்டல், பிரைம் என்று தட்டுகள் முன்பே பிரிக்கப்பட்டிருக்கின்றன. நிஞ்சாவுக்குப் பல வருடங்களாக வருடத்துக்கு 3.36 லட்சம், டிஜிட்டலுக்கு அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அங்கே சம்பளம் கூட வேண்டுமென்றால் மேல்தட்டுத் தேர்வில் தேறுவதுதான் வழி. பேசிப் பார்க்க இடம் இருப்பது ஸ்டார்ட்அப், சின்ன ப்ராடக்ட் கம்பெனி, ஆஃப்-கேம்பஸ் ஆஃபர் ஆகியவற்றில்தான்.

அங்கேயும் பெரும்பாலோர் தவறான எண்ணைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். 6 லட்சம் சிடிசி, அதாவது உங்களுக்காகக் கம்பெனி வருடத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு, என்றதும் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 50,000 என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், மாதம் 25,000 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி கட்டும் 12 சதவீத பிஎஃப் வருடத்துக்கு 36,000. வேலையை விடும்போது தரும் கிராஜுவிட்டிக்குப் பேசிக்கில் 4.81 சதவீதம், சுமார் 14,400. வேலையையும் கம்பெனி நிலையையும் பொறுத்துக் கூடக்குறையத் தரும் வேரியபிள் 60,000, ஒரே ஒரு முறை தரும் ஜாயினிங் போனஸ் 50,000. இவ்வளவும் அந்த 6 லட்சத்துக்குள்தான் அடக்கம். உங்கள் பங்கு பிஎஃப் 36,000-ஐயும் கழித்தால் மாதம் கைக்கு வருவது சுமார் 33,600. தொழில் வரி, இன்சூரன்ஸ் என்று இன்னும் கொஞ்சம் போகலாம். பிஎஃப் உங்கள் பணம்தான், எங்கேயும் போகாது. ஆனால் நிரந்தர வேலையில் கிராஜுவிட்டி கிடைக்கப் பொதுவாக 5 வருடம் இருக்க வேண்டும்; முதல் கம்பெனியில் அத்தனை நாள் இருப்பவர்கள் எத்தனை பேர்?

அதனால் சிடிசியை மட்டும் கூட்டச் சொன்னால், வேரியபிளைக் கொஞ்சம் ஏற்றிக் கணக்கை முடித்துவிடுவார்கள். கேட்க வேண்டியது மாறாமல் வரும் ஃபிக்ஸட் தொகையை. சம்பளப் பிரிப்பை மெயிலில் வாங்குங்கள். போன வருடம் வேரியபிளில் எத்தனை சதவீதம் உண்மையில் கொடுத்தார்கள் என்றும் கேளுங்கள். தயங்காமல் பதில் வந்தால் நல்ல அறிகுறி.

எதிர்பார்க்கும் சம்பளம் எவ்வளவு என்ற கேள்விக்கு “ஆஸ் பெர் கம்பெனி நார்ம்ஸ்” என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஆஃபர் வந்தபின் முகம் சுளிப்பது இன்னொரு வழக்கம். பணிவாக இருப்பதாக நினைத்து எழுதுகிறார்கள். பேசும் வாய்ப்பு அங்கேயே போய்விடுகிறது. அதே வேலைக்கு, அதே ஊரில் என்ன தருகிறார்கள் என்று இரண்டு மூன்று சீனியர்களிடம் விசாரித்து ஒரு வரம்பைச் சொல்லலாம். பெங்களூரில் இருக்கும் நண்பனின் பேக்கேஜ் கோயம்புத்தூர் கம்பெனியில் செல்லுபடியாகாது.

காரணம் சொல்லும்போது கல்விக்கடனையும் அப்பாவின் ஓய்வையும் இழுக்க வேண்டாம். கேட்பவர் வருத்தப்படுவார், ஆனால் மேலாளரிடம் கொண்டுபோக அவருக்கு ஒன்றும் கிடைக்காது. “மேடம், ஆஃபருக்கு நன்றி. இன்டர்ன்ஷிப்பில் இதே வேலையைத்தான் ஆறு மாதம் செய்தேன், பயிற்சிக் காலம் எனக்குக் குறைவாகத்தான் தேவைப்படும். ஃபிக்ஸடை 5 லட்சமாக்க முடியுமா?” என்று கேட்டுவிட்டு அவர் பதில் சொல்லும்வரை பேசாமல் இருங்கள். முடியாது என்றால் ஜாயினிங் போனஸ் அல்லது ஊர் மாறும் செலவைக் கேட்கலாம். இதெல்லாம் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு. ஆஃபரை ஏற்றபின் கேட்டால் எரிச்சல்தான் மிஞ்சும்.

இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்லவே கூடாது. “லெட்டரை அனுப்புங்க” என்பார்கள், அவ்வளவுதான்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகும் மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் பிள்ளைகள் தொகைக்கு முன் பதவியைப் பார்க்க வேண்டும். ஜிஇடி (கிராஜுவேட் இன்ஜினியர் டிரெய்னி) என்றால் பெரும்பாலும் ஒரு வருடப் பயிற்சிக்குப் பிறகு வேலை உறுதியாகும். அப்ரண்டிஸ் என்றால் 1961-ம் வருடச் சட்டப்படி நீங்கள் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல, வருவது உதவித்தொகை. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பேரம் பேச முடியாது.

சேரும் தேதியையும் எழுத்தில் கேளுங்கள். 2023 பிப்ரவரியில் விப்ரோ, 6.5 லட்சம் என்று ஆஃபர் வாங்கி, வேலையில் சேரக் காத்திருந்த பட்டதாரிகளிடம் 3.5 லட்சத்துக்கு வருகிறீர்களா என்று கேட்டது. “ஆறு மாசத்துல ரிவைஸ் பண்றோம்” என்ற வாய்ப்பேச்சையும் மெயிலில் வரவைத்துவிடுங்கள்.

அப்புறம் பாண்டு, அதாவது குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் பணம் கட்டுவேன் என்று எழுதித் தரும் ஒப்பந்தம். அதெல்லாம் கோர்ட்டில் நிற்காது என்று சீனியர்கள் அடித்துச் சொல்வார்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், 3 வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது ஒரு மேலாளரின் வழக்கு, எல்லாருக்கும் அப்படியே பொருந்தாது; ஆனாலும் பாண்டுத் தொகையையும் காலத்தையும் குறைக்கச் சொல்லிக் கேட்பதும் சம்பளப் பேச்சுதான். ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்வோம் என்கிறார்களா? நானாக இருந்தால், தொகை எவ்வளவானாலும் அந்த ஆஃபரைத் தொட மாட்டேன்.