தோள்பட்டை இறுக்கத்துக்கு ஒரு டென்னிஸ் பந்து போதும்

நாள் முழுக்க லேப்டாப், மீதி நேரம் செல்போன் என்று இருப்பவர்களுக்குக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே, தொட்டாலே "ஆ" என்று கத்த வைக்கும் முடிச்சு ஒன்று இருக்கும். தலையின் எடை சுமார் 5 கிலோ. குனியக் குனிய அதைத் தாங்கும் சுமை பின்கழுத்துத் தசைகளுக்குக் கூடிக்கொண்டே போகிறது.

பழைய டென்னிஸ் பந்து ஒன்றை சாக்ஸுக்குள் போடுங்கள். சாக்ஸின் மறுநுனியைத் தோளுக்கு மேலாகப் பிடித்துக்கொண்டால் பந்து நழுவி ஓடாது. சுவரில் சாய்ந்து, முதுகெலும்புக்கும் தோள்பட்டை எலும்புக்கும் நடுவே பந்து இருக்கும்படி வைத்து, முழங்காலை லேசாக மடக்கி நிமிருங்கள். பந்து மேலும் கீழும் உருளும். வலிக்கிற இடம் சிக்கியதும் அங்கேயே நிறுத்தி, மூச்சை மெதுவாக விட்டபடி 30 விநாடி அழுத்துங்கள். சுகமான வலியாக இருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினால் மறுநாள் இன்னும் மோசமாகும். முதுகெலும்பின் மேலும் கழுத்தின் முன்பக்கமும் பந்து படவே கூடாது.

முன்னதாக 10 நிமிடம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் தசை இளகும். தைலம் இதமாக இருக்கும், அவ்வளவுதான். சலூனில் கழுத்தைத் திருப்பிச் சொடுக்கெடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்; கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போகலாம்.

கை மரத்துப்போனாலோ, பிடிமானம் குறைந்தாலோ டாக்டரைப் பாருங்கள். தோள்வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால், யோசிக்காமல் 108.