சக் வாங்கும் முன் ஸ்பிண்டிலை அளந்துவிடுங்கள்

பார்சலைப் பிரித்து, மரம் கடையும் லேத்தில் கட்டையைப் பிடிக்கும் சக்கை எடுத்து, அதைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலில் வைத்துச் சுற்றினேன். ஒன்றரைச் சுற்று வெண்ணெய் மாதிரி போயிற்று. அப்புறம் நின்றுவிட்டது. புதுச் சாமான் இறுக்கமாகத்தான் இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, சக்கை இறுக்கும் சாவியான சக் கீயைக் குழியில் மாட்டி நெம்பி இன்னும் கால் சுற்று தள்ளினேன். அந்தக் கால் சுற்றில் ஸ்பிண்டிலின் முதல் இரண்டு மரை (திருகுப் புரி) மழுங்கிப் போயின.

கைமாறி வந்த பழைய மர லேத் அது. ஸ்பிண்டில் இருக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, டிவிஎஸ் எக்ஸ்எல்லின் முன்பக்கம் வைத்துக் கட்டி, பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த டர்னர் (லேத் கடைபவர்) மரை அளக்கும் கேஜைக்கூட எடுக்கவில்லை. மரைமேல் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, சக்கு எட்டு மரை, உங்க மெஷினு பத்து மரை. ரெண்டும் ஒரு இஞ்சுதான், இல்லேங்கல. அதுக்காக உள்ள போயிருமா?” என்றார்.

விற்றவர் ‘ஒரு இஞ்ச் ஸ்பிண்டிலுக்கு’ என்று மட்டும்தான் எழுதியிருந்தார். எத்தனை மரை என்று நானும் கேட்கவில்லை. குறைந்த விலை மர லேத் வாங்கியவர்கள் சக் விஷயத்தில் காசை விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

விட்டம் மட்டும் போதாது

ஸ்பிண்டில் மரைக்கு இரண்டு அளவு உண்டு. ஒன்று வெளிவிட்டம், மற்றது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம். இரண்டும் பொருந்தினால்தான் சக் ஏறும். நடுத்தர மர லேத்களில் அதிகம் வருவது ஒரு இஞ்ச், இஞ்சுக்கு 8 மரை. சிறிய, பழைய மெஷின்களில் முக்கால் இஞ்ச், 16 மரை இருக்கும். ஐரோப்பிய வழியில் வந்தவற்றில் எம்33 (மெட்ரிக், 33 மி.மீ. விட்டம்), 3.5 மி.மீ. இடைவெளி, அதில் சின்னவை எம்18, 2.5 மி.மீ. பெரிய மெஷின் என்றால் ஒன்றேகால் இஞ்ச், 8 மரை. உள்ளூர்ப் பட்டறையில் செய்த லேத்தாக இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. செய்தவர் கையில் அன்று எந்த டூல் இருந்ததோ அந்த மரைதான்.

ஒரு இஞ்சிலேயே பழைய பிரிட்டிஷ் முறையில் இரண்டு உண்டு: விட்வொர்த் 8 மரை, ஃபைன் 10 மரை. என் லேத் இரண்டாவது சாதி. விட்வொர்த் மரையின் கோணம் 55 டிகிரி, இப்போது வரும் அமெரிக்க முறை மரையின் கோணம் 60. இரண்டுமே 8 மரைதான் என்றாலும் சில சமயம் கடிக்கும். விரலால் சுற்றிக் கடைசிவரை போகாத எதையும் நெம்பாதீர்கள்.

மேசைமேல் வைக்கும் குட்டி லேத்களுக்கு வரும் கையடக்கச் சக்குகளில் ‘எம்14’ என்று போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது 1 மி.மீ. இடைவெளி உள்ள மரை. பெரிய ஆங்கிள் கிரைண்டரின் ஸ்பிண்டிலும் எம்14தான், ஆனால் அதன் இடைவெளி 2 மி.மீ. கிரைண்டரைக் கிடத்திப் போட்டு லேத் ஆக்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று ஓடும் சாமானில் மரக்கட்டையை மாட்டக் கூடாது.

சரி, வீட்டிலேயே எப்படி அளப்பது? நம் ஆசாரிமார் புழங்கும் நூல் கணக்கே போதும். இஞ்சுக்கு எட்டு நூல். 8 மரை ஸ்பிண்டிலில் ஒவ்வொரு மரையும் மிகச் சரியாக ஒரு நூல், அதாவது 3.175 மி.மீ. டேப்பை மரை உச்சியில் வைத்துப் பாருங்கள். நூல் கோடும் மரை உச்சியும் கூடவே வந்தால் அது 8 மரை. எம்33 ஆக இருந்தால் ஒவ்வொரு மரையும் ஒரு நூலைவிடக் கொஞ்சம் பெரிதாக நழுவி, ஒரு இஞ்சில் ஏழேகால் மரைதான் அடங்கும். அதை ‘ஏறக்குறைய எட்டு’ என்று எழுதிக்கொண்டால் நானும் நீங்களும் ஒரே பட்டறை வாசலில் நிற்போம்.

விட்டத்துக்கு வெர்னியர் காலிப்பர் வேண்டும். ஒரு இஞ்ச் ஸ்பிண்டில் 25.4 என்று காட்டாது. உச்சி கொஞ்சம் தட்டையாக இருப்பதால் 25.1, 25.2 என்றுதான் வரும். அதைப் பார்த்து மெட்ரிக் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சந்தேகம் தீரவில்லை என்றால் இரும்புக் கடையில் ஒரு இஞ்ச், 8 மரை நட் ஒன்று வாங்கி ஏற்றிப் பாருங்கள். டீக்காசு அளவு செலவில் பெரிய செலவு தப்பும்.

அடாப்டர் கடைசி வழி

மரை பொருந்தவில்லை என்றதும் எல்லோரும் தேடுவது அடாப்டர். ஒரு பக்கம் உங்கள் ஸ்பிண்டிலின் மரை, மறுபக்கம் சக்கின் மரை, விலையும் குறைவு. பிரச்சினை என்னவென்றால், சக்கை நேராக நிறுத்துவது மரை இல்லை. மரை இழுத்துப் பிடிப்பதோடு சரி. ஸ்பிண்டிலில் மரை முடியும் இடத்தில் இருக்கும் தோளும் சக்கின் பின்முகமும் ஒன்றோடொன்று தட்டையாக உட்காருவதுதான் சக்கை நேராக்குகிறது.

கணக்குப் போட்டால் புரியும். தோளின் விட்டம் 35 மி.மீ. என்று வைப்போம். அடாப்டரின் முகம் ஒரு பக்கம் வெறும் 0.05 மி.மீ. தூக்கலாக இருக்கிறது. நல்ல தாள் ஒன்றின் கனத்தில் பாதி. தோளிலிருந்து 200 மி.மீ. தள்ளிக் கட்டையின் முனையில் அது ஏறக்குறைய 0.3 மி.மீ. சாய்வாகிவிடும், அங்கே சுற்றும்போது அவுட் அடிப்பது (மையம் விலகி ஆடுவது) கண்ணுக்கே தெரியும். இதற்குமேல் அடாப்டர் சக்கை 20, 30 மி.மீ. முன்னால் தள்ளிவிடுகிறது. பேரிங்கிலிருந்து எவ்வளவு தூரம் போகிறோமோ அவ்வளவு அதிர்வு. குறைந்த விலை லேத்தில் பேரிங்கும் பெரிய பேரிங் இல்லை.

ஆகவே வாங்கும்போதே இன்செர்ட் மாற்றக்கூடிய சக்காகப் பாருங்கள். சக்கின் வயிற்றுக்குள் உட்காரும் மரைத் துண்டுதான் இன்செர்ட். லேத்தை மாற்றினால் அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதும், சக் அப்படியே இருக்கும், வெளியே தள்ளியும் நிற்காது. எனக்குப் பேட்டை டர்னர் செய்துகொடுத்தது அதைத்தான்: இரும்புத் தண்டில் உள்ளே 10 மரை வெட்டி, வெளியே என் சக்குக்கு ஏற்றபடி ஒரு இன்செர்ட். மழுங்கிய இரண்டு மரையை முதலில் அரத்தால் சரிசெய்தார். அளவெழுதிய தாளை நீட்டினேன், கையில்கூட வாங்கவில்லை. ஸ்பிண்டிலே அவருக்கு கேஜ். வெட்டுவதும் ஏற்றிப் பார்ப்பதும், இன்னொரு சீவல் எடுப்பதும் மறுபடி ஏற்றிப் பார்ப்பதுமாக ஒரு மத்தியானம் போனது. அடாப்டரே செய்தாலும் அப்படித்தான் செய்யச் சொல்லுங்கள். போனில் அளவு சொல்லிச் செய்யும் வேலை இல்லை இது.

அடாப்டரோ சக்கோ, மாட்டியதும் ஒரு தாள் துண்டைத் தோளுக்கும் சக்குக்கும் நடுவே நுழைத்துப் பாருங்கள். எங்காவது நுழைந்தால் சக் தோளில் உட்காரவில்லை. பல ஸ்பிண்டில்களில் தோளை ஒட்டி மரை வெட்டாத ஒரு சின்னப் பகுதி இருக்கும். சக்கின் வாயில் அதற்கு இடம் விட்டிருக்காவிட்டால் மரை அங்கேயே முட்டி நின்றுவிடும். இறுகிவிட்டது என்றுதான் கைக்குத் தோன்றும். வாயை ஒரு சுற்று அகலமாகக் கடைந்துவிட்டால் தீரும், பத்து நிமிட வேலை.

மோர்ஸ் டேப்பரில் மாட்டும் சக்

ஒரு முனை கூம்பு (அதுதான் மோர்ஸ் டேப்பர், சுருக்கமாக எம்டி), மறுமுனை மரை என்று இன்னொரு அடாப்டர் விற்கிறார்கள். ஹெட்ஸ்டாக்குக்கு எதிர்முனையில் இருக்கும் டெயில்ஸ்டாக்கில் சக்கை மாட்டிப் பார்க்க அது உதவும். ஹெட்ஸ்டாக்கில் அதை மட்டும் செருகிக் கிண்ணம் கடையப் போனால் ஆபத்து. கூம்பு, நேராக அழுத்தும் விசையைத்தான் தாங்கும்; உளி பக்கவாட்டில் தட்டத் தட்ட மெல்ல நெகிழும். ஒரு கட்டத்தில் சக், கட்டை, கூம்பு மூன்றும் சேர்ந்து உங்களை நோக்கி வரும். ஸ்பிண்டில் துளை வழியே பின்னாலிருந்து நீளப் போல்ட் போட்டு இழுத்துக் கட்டினால் மட்டும் அதைப் பயன்படுத்தலாம். வாங்குமுன் எம்டி1-ஆ எம்டி2-ஆ என்றும் பாருங்கள். கூம்பின் அகன்ற பக்கம் முதலாவதில் சுமார் 12 மி.மீ., இரண்டாவதில் 17.78 மி.மீ.

எந்தச் சக்

இரும்பு லேத் சக் மலிவாகக் கிடைக்கிறதே என்று மூன்று ஜா (கவ்விப் பிடிக்கும் தாடை) சக்கை வாங்குபவர்கள் உண்டு. இரும்புத் தண்டைப் பிடிக்கச் செய்தது அது. மரத்தை மூன்று கோட்டில் மட்டும் கடிக்கும். இறுக்கினால் நசுங்கும், விட்டால் நழுவும். ‘நாலு ஜா’ என்று கேட்டாலும் குழப்பம்தான். நான்கு ஜாவும் தனித்தனி ஸ்குரூவில் நகரும் சக்கும் நாலு ஜா, ஒரே கீயில் நான்கும் சேர்ந்து நகரும் ஸ்க்ரோல் சக்கும் நாலு ஜா. மரத்துக்கு வேண்டியது இரண்டாவது. அதிலும் ஜாவின் வாய் புறாவால் மாதிரி உள்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும்.

பெரிய சக் நல்ல சக் இல்லை. அரை குதிரைச் சக்தி மோட்டார், அதாவது சுமார் 373 வாட், உள்ள சிறிய லேத்துக்கு 70, 75 மி.மீ. சக் போதும். 100 மி.மீ. சக்கை மாட்டினால் மோட்டார் அந்த இரும்பைச் சுழற்றவே பாதி மூச்சை விட்டுவிடும்.

கூடுதல் ஜா செட்டுகள் தனியே கிடைக்குமா என்று வாங்கும்போதே கேளுங்கள். பெட்டியில் வரும் ஒரு செட்டோடு வாழ்நாள் முழுக்க ஓட்ட முடியாது.

ஜாவின் வாய் எந்த விட்டத்தில் முழு வட்டமாகிறதோ அந்த விட்டத்தில்தான் பிடி உறுதி. 50 மி.மீ. ஜா என்றால், ஜா கவ்வுவதற்காகக் கட்டையின் அடியில் விடும் குமிழையும் அதற்குப் பக்கத்தில் வையுங்கள். குமிழின் உயரம் ஆறேழு மி.மீ. இருக்கட்டும். குமிழ் சக்கின் அடியைத் தொடக் கூடாது. கட்டையின் தோள்தான் ஜா மேல் உட்கார வேண்டும். மேலே ஸ்பிண்டிலுக்குச் சொன்ன அதே கதைதான். ஜாவை அதிகம் விரித்து, அவை சக்கின் உடம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு ஓடினால் விரல் முட்டி போகும்.

நம் பக்கம் பூவரசும் வேம்பும் மாவும் வெட்டிய ஈரத்தோடு சும்மாவே கிடைக்கும். ஈரக்கட்டையில் காலையில் வட்டமாக வெட்டிய குமிழ் இரண்டு நாள் வெயிலில் முட்டை வடிவம் ஆகிவிடும். அதை அப்படியே மறுபடி சக்கில் கடிக்கவிட்டு, அவுட் அடிக்கிறது என்று சக்கைத் திட்டுவார்கள். குமிழை மறுபடி வட்டமாக்கிவிட்டு மாட்டுங்கள்.

இன்னொன்று: முதல் ஆறு மாதத்துக்குச் சக்கே தேவைப்படாமல் போகலாம். லேத்தோடு வந்த ஃபேஸ் பிளேட்டில் (ஸ்பிண்டிலில் ஏறும் வட்டத் தட்டு) ஒரு பலகைத் துண்டைத் திருகி, அதில் குழி கடைந்து, வேலைக்கட்டையைத் தட்டி இறுக்கினால் நன்றாகவே பிடிக்கும். அம்பாசமுத்திரம் பக்கம் மரத்தில் செப்புச் சாமான் (குழந்தைகளின் விளையாட்டுப் பாத்திரம்) கடையும் ஒரு பட்டறையில் நெடுநேரம் நின்று பார்த்திருக்கிறேன். அந்தப் பெரியவரிடம் சக் கிடையாது. கட்டையைக் குழியில் வைத்து ஒரே தட்டு, சுழலவிட்டு உளி, பிறகு அரக்குக் குச்சியை அழுத்தினால் சூட்டில் உருகி நிறம் ஏறிவிடும். என் புதுச் சக்கைப் பற்றிச் சொன்னேன். “அது எதுக்கு வே?” என்று கேட்டுவிட்டு அடுத்த கட்டையை எடுத்தார்.

லேத்தில் ரிவர்ஸ் சுவிட்ச் இருந்தால் மட்டும் கவனம் தேவை. மரையில் மாட்டிய எந்தச் சக்கும் எதிர்த்திசையில் ஓடினால் தானே கழன்று வரும். பூட்டு ஸ்குரூ இருக்கும் சக்கானாலும் அதை இறுக்காமல் ரிவர்ஸில் போடாதீர்கள். சக் கீ மாட்டியபடி இருக்கும்போது சுவிட்சைத் தட்டும் தவறை நானும் ஒருமுறை செய்தேன். கீ பறந்து போய் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஒரு ஓட்டை. இன்றும் பத்து மணி வெயில் அதன் வழியாக நேரே ஹெட்ஸ்டாக் மேல்தான் விழுகிறது.