அயனியற்ற எமல்சிஃபையர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் என்னிடம் லோஷன் செய்யக் கற்க வருகிறவர்கள், நான் அன்று செய்ததையே செய்கிறார்கள். "மின்னூட்டமே இல்லாத பொருள்தானே அக்கா, கொஞ்சம் கூடப் போட்டால் என்ன?" என்று போன வாரம் ஒரு பெண் கேட்டாள். எண்ணெயையும் நீரையும் பிரியாமல் சேர்த்து வைக்கும் எமல்சிஃபையரில், மின்னூட்டம் இல்லாத அயனியற்ற வகையைத்தான் சொன்னாள். அதற்காகவே இதை எழுதுகிறேன். அளக்காமல் ஊற்றுவது, அரைகுறையாகக் கலக்குவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும்; இங்கே சொல்வது மற்ற தவறுகளை.

கூடுதல் பாலிசார்பேட்

அயனியற்ற வகையைக் கடினநீரும் உப்பும் அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஐஸ்கிரீம், பூச்சிமருந்து, தடுப்பூசி என்று எங்கும் இது புகுந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் மின்னூட்டம் இல்லையென்றால் எதனோடும் ஒட்டாது என்று அர்த்தமில்லை.

ஒரு வருஷம் தைப்பூசக் காவடிக்கு விற்க அறுபது டப்பா கிரீம் செய்தேன். எண்ணெய் பிரியக்கூடாதென்று பாலிசார்பேட் 80 என்னும் அயனியற்ற எமல்சிஃபையரை இரண்டு மடங்கு போட்டேன். பிரியவில்லை, வெண்ணெய் மாதிரி நின்றது. டர்பன் புழுக்கத்தில் மூன்றாம் வாரம் மூடியைத் திறந்தால், விளிம்போரம் சாம்பல் நிறப் பூஞ்சணம். கிருமி வளராமல் தடுக்கும் பாராபென் சரியான அளவில்தான் போட்டிருந்தேன். அறுபதையும் கொட்டினேன்.

கிருமி வளர்வது நீரில். பாராபெனும் நீரில் தனித்து இருந்தால்தான் அதைத் தடுக்கும். மிஞ்சிய பாலிசார்பேட்டோ மிசெல் என்னும் நுண்திரள்களாகத் திரண்டு பாராபெனை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பாராபென் டப்பாவுக்குள் இருக்கும், ஆனால் வேலைக்கு வராது. கிருமிச் சோதனைக்கூடங்களில் மாதிரியிலுள்ள பாராபெனை முடக்குவதற்கென்றே பாலிசார்பேட் 80 சேர்ப்பார்கள். இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்த கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

பிரியாமல் நிற்கும் மிகக் குறைந்த அளவைத் தேடுங்கள். 1 சதவீதத்தில் தொடங்கி, அரை அரையாக ஏற்றிப் பாருங்கள்.

ஒன்றையே நம்புவது

இரண்டு எமல்சிஃபையர்களைச் சேர்த்தால் மொத்த அளவு பெரும்பாலும் குறையும். 1949-இல் வேதியியலாளர் கிரிஃபின் வெளியிட்ட எச்.எல்.பி. கணக்கில் (எமல்சிஃபையர் நீரை நாடுமா, எண்ணெயை நாடுமா என்று காட்டும் எண்; கூடினால் நீரை நாடும்) பாலிசார்பேட் 80-க்கு 15, எண்ணெயை நாடும் ஸ்பான் 80 என்ற இன்னொரு அயனியற்ற எமல்சிஃபையருக்கு 4.3. மினரல் ஆயில் லோஷனுக்குச் சுமார் 10 வேண்டும். முதலாவது 53 பங்கு, அடுத்தது 47 பங்கு போட்டால் வந்துவிடும்.

சூடாக்கினால் நன்றாகக் கரையும் என்ற நினைப்பு

அயனியற்ற எமல்சிஃபையர்களில், மூலக்கூறில் எத்திலீன் ஆக்சைடு சங்கிலி உள்ளவை பல, சூடு ஏறினால் நீரில் கலங்கும். ஆறவிடுங்கள், தெளியும்.

வேப்பெண்ணெய்த் தெளிப்பைச் சேர்த்து வைப்பது

எமல்சிஃபையர் போட்டு வேப்பெண்ணெயை நீரில் கரைத்து, கறிவேப்பிலைச் செடிக்குக் கலந்ததை அன்றைக்கே தெளித்துத் தீர்த்துவிடுங்கள்.