ஜென்ம நட்சத்திரம் குறிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜாதகம் கணிக்கப் புதிதாகக் கற்பவர்கள் எழுதிக்கொண்டு வரும் குறிப்புகளைத் திருத்தும்போது, யாரும் புதுத் தவறு செய்வதில்லை என்பது தெரியும். நாங்கள் கற்ற காலத்தில் செய்த அதே தவறுகள்தான், கையில் மட்டும் நோட்டுக்குப் பதில் செல்போன். 27 நட்சத்திரங்களை வரிசையாகச் சொல்லத் தடுமாறுவது, பாதத்தை (நட்சத்திரத்தின் நாலில் ஒரு பங்கு) எண்ணும்போது ஒன்றை விட்டுவிடுவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். அவற்றை இங்கே எடுக்கவில்லை.

காலண்டரில் போட்டிருப்பதை அப்படியே எழுதுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். தாளில் ‘ரோகிணி’ என்று இருக்கிறது, அன்று பிறந்த குழந்தை ரோகிணி, முடிந்தது கதை! நட்சத்திரம் நள்ளிரவுக்கோ சூரிய உதயத்துக்கோ காத்திருந்து மாறுவதில்லை. சந்திரன் ஒரு நட்சத்திரத்துக்கு உரிய 13 பாகை 20 கலையை (பாகை என்பது டிகிரி, 60 கலை ஒரு பாகை) கடந்து முடிக்கும் நிமிடத்தில் அது மாறும். சந்திரனின் வேகமும் ஒரே சீரில்லை. ஒரு நட்சத்திரம் சில சமயம் 21 மணி நேரத்தில் ஓடிவிடும், சில சமயம் 26 மணி நேரத்துக்கு மேலும் இழுக்கும். பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் நேரம் போட்டிருப்பது அதற்காகத்தான்.

ஒரு வரன் பார்த்தார்கள். பெண் ரோகிணி, பையன் ஹஸ்தம், இரண்டும் கண்ட ரச்சு (ரச்சு என்பது நட்சத்திரங்களை உடல் உறுப்புகளின் பெயரில் ஐந்தாகப் பிரிப்பது, இருவரும் ஒரே பிரிவில் வரக்கூடாது), பொருந்தாது என்று கற்றுக்கொண்டிருந்த ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டார். பிறகுதான் குறிப்பு என்னிடம் வந்தது. பெண் பிறந்தது இரவு 9 மணி. பழைய பஞ்சாங்கத்தில் அன்றைக்கு ‘ரோகிணி 12.30’ என்று இருந்ததை இரவு பன்னிரண்டரை மணி என்று படித்திருக்கிறார். அது மணியே இல்லை. 12 நாழிகை 30 விநாடி. ஒரு நாழிகை 24 நிமிடம், அதில் 60 விநாடி, ஆக உதயத்திலிருந்து சரியாக 5 மணி நேரம். அன்று உதயம் 6 மணி, எனவே காலை 11 மணிக்கே ரோகிணி முடிந்துவிட்டது. பெண் மிருகசீரிடம், சிரசு ரச்சு. ஹஸ்தத்தோடு ரச்சும் தட்டாது, வேதையும் (ஒன்றுக்கொன்று ஆகாத நட்சத்திர ஜோடி) கிடையாது. இதையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள் பையனுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகியிருந்தது.

தசையில் என்ன ஆனது என்பதையும் பாருங்கள். தசை என்பது ஒரு கிரகம் ஆளும் காலம்; பிறந்த நட்சத்திரத்துக்கு உரிய கிரகத்தில் தொடங்கி வரிசையாக வரும். மிருகசீரிடத்துக்குச் செவ்வாய், ரோகிணிக்குச் சந்திரன். மிருகசீரிடம் மறுநாள் காலை 11 வரை, மொத்தம் 24 மணி நேரம். இரவு 9 மணிக்கு 10 போய் 14 பாக்கி. 2ஆம் பாதம், ரிஷப ராசி. செவ்வாய் தசை 7 வருஷத்தை 14ஆல் பெருக்கி 24ஆல் வகுத்தால் இருப்பு, அதாவது பிறக்கும்போது மீதமிருந்த தசை, 4 வருஷம் 1 மாதம். அது முடிந்ததும் ராகு தசை. பொருந்தாது என்று எழுதிக் கொடுத்தவர் கணக்கில் ரோகிணி கடைசிப் பாதம், சந்திர தசை ஒன்றரை வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு, அதன்மேல் செவ்வாய் முழுசாக 7. ராகு தசை வரும்போது பெண்ணுக்கு எட்டரை வயது! அங்கே விழுந்த 4 வருஷத்துக்கு மேற்பட்ட பிசகு குரு தசை, சனி தசை என்று ஆயுசு முழுக்கத் தொடரும். பலன் தப்பினால் சாஸ்திரத்தின் மேல் பழி.

அதிகாலைப் பிறப்பில் இன்னொரு சறுக்கல். சான்றிதழில் 15ஆம் தேதி அதிகாலை 2 மணி என்றிருந்தால், பஞ்சாங்கத்துக்கு அது இன்னும் 14ஆம் தேதிதான். உதயம் வரை நாள் மாறாது. 15ஆம் தேதித் தாளைப் பார்க்காதீர்கள்.

பாதம் கேட்காமல் ராசி சொல்வது

கார்த்திகை முதல் பாதம் மேஷம், மற்ற மூன்றும் ரிஷபம். சூரியன், செவ்வாய், குரு ஆகிய மூவரின் ஒன்பது நட்சத்திரங்களும் இப்படி இரண்டு ராசிகளில் உடைபவை. மேலே சொன்ன பெண்ணே இரவு 11 மணி தாண்டிப் பிறந்திருந்தால் மிதுன ராசி.

பூரம், பூராடம், பூரட்டாதி

போனில் கேட்டு எழுதாதீர்கள்.

நட்சத்திரச் சந்தி என்றதும் தசைக்குப் பயப்படுவது

அசுவினி முடிந்து பரணி தொடங்கும் இடத்தில் பிறந்த ஜாதகத்தை வைத்துக்கொண்டு, ‘தசையே மாறிப்போகுமே’ என்று தலையில் கை வைப்பார்கள். அசுவினியின் கடைசி நிமிடம் என்றால் கேது தசை சில நாள், பிறகு சுக்கிர தசை. பரணியின் முதல் நிமிடம் என்றால் நேராகச் சுக்கிர தசை. பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. பொருத்தம்தான் தலைகீழாகும். பிறந்த நேரத்தைத் துருவிக் கேட்க வேண்டியது அங்கே.

அயனாம்சம் பார்க்காமல் செயலியை நம்புவது

அயனாம்சம் என்பது ராசி மண்டலம் எங்கே தொடங்குகிறது என்பதற்கான திருத்தம். லாஹிரி, ராமன் என்ற இரண்டு அயனாம்சக் கணக்குகளுக்கும் ஒன்றரை பாகைக்குக் கிட்ட வித்தியாசம். சின்னதாகத் தெரியும். சுக்கிர தசை இருப்பில் அது 2 வருஷத்துக்கு மேல் வரும். செயலியைத் திறந்ததும் முதலில் அமைப்புகளில் எது இருக்கிறது என்று பாருங்கள்.

வாக்கியமா, திருக்கணிதமா

பழைய சூத்திரங்களின்படி கணிப்பது வாக்கியப் பஞ்சாங்கம், இன்றைய வானியல் கணக்கின்படி கணிப்பது திருக்கணிதம். எதுவானாலும் சரி. பெண்ணுக்கு ஒன்று, பையனுக்கு ஒன்று கூடாது.

மூலம் என்றதும் மாமனாரை இழுப்பது

மூல நட்சத்திரப் பெண் வந்தால் மாமனாருக்கு ஆகாது என்பார்கள். இந்தத் தோஷம் சொல்கிறவர்களிலேயே பலர் முதல் பாதத்துக்கு மட்டும்தான் சொல்கிறார்கள். பாதம்கூடப் பார்க்காமல் ஒரு பெண்ணின் ஜாதகத்தைத் திருப்பி அனுப்புவதற்குப் பெயர் ஜோதிடம் இல்லை.

வெளிநாட்டில் பிறந்த குழந்தை

அங்குள்ள கடிகார நேரத்தை இந்திய நேரமாக மாற்றிய பிறகுதான் நம் பஞ்சாங்கத்தைத் தொட வேண்டும். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும் நாடா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.