டெக்சஸ் ப்ளூபானட்: களையென்று பிடுங்கிவிடாதீர்கள்

மார்ச் கடைசியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஆஸ்டின் பக்கம் சாலையோரமெல்லாம் நீலமாகப் பூத்துக் கிடக்கும் செடி இது. லூபின் இனம், நம் அவரைக் குடும்பம். 1901-லேயே ப்ளூபானட் மாநிலப் பூவானது. ஆனால் அப்போது அறிவித்தது இதன் உறவுச்செடியை. 1971-ல்தான் டெக்சஸில் வளரும் எல்லா ப்ளூபானட்டுக்கும் அந்தப் பெருமையைக் கொடுத்தார்கள்.

பூ வசந்தத்தில் வந்தாலும் விதைப்பு செப்டம்பர் முதல் நவம்பர் நடுப்பகுதிக்குள். நாள் முழுக்க வெயில் படும், தண்ணீர் தேங்காத இடமாகப் பாருங்கள். விதை சின்னக் கூழாங்கல் மாதிரி இருக்கும், தோல் அவ்வளவு கெட்டி. அப்படியே போட்டால் சில விதை இந்த வருடம் முளைக்கும், சில அடுத்தடுத்த வருடம். மழை பொய்த்தாலும் வம்சம் அழியாமலிருக்க அந்தச் செடிக்கு அமைந்த ஏற்பாடு அது. நமக்கு உடனே முளைக்க வேண்டுமென்றால், உப்புத்தாளில் லேசாக உரசி, ஓர் இரவு ஊறவைத்து, மறுநாளே விதையுங்கள். கால் அங்குல மண் மூடினால் போதும். மேலே மிதித்து அழுத்திவிடுங்கள்.

முளைக்கும்வரை ஈரம் வேண்டும். பிறகு கையைக் கட்டிக்கொள்ளுங்கள். முதல் வருடம் நான் தினமும் தண்ணீர் ஊற்றி நாற்றையெல்லாம் அழுகவிட்டேன். உரமும் வேண்டாம், இலைதான் கொழிக்கும். தழைச்சத்தை வேர்முடிச்சு பார்த்துக்கொள்ளும், நிலக்கடலையைப் போல.

குளிர்காலம் முழுக்கச் செடி தரையோடு வட்டமாகப் படுத்திருக்கும். களையெடுக்கும்போது தப்பாகப் பிடுங்குவது இப்போதுதான். இலையைப் பாருங்கள்: விரித்த கை மாதிரி பெரும்பாலும் ஐந்து சிற்றிலை, ஓரத்தில் பட்டு போன்ற ரோமம். காலையில் ஐந்தும் சேரும் நடுவில் ஒரே ஒரு பனித்துளி உருண்டு நிற்கும். அதைப் பார்த்தாலே எனக்கு மனசு நிறைந்துவிடும்.

பூங்கொத்தின் உச்சி வெள்ளையாக இருந்தால் இதேதான். 1901-ல் அறிவித்த அந்த வகைக்கு வெள்ளை உச்சி இராது, சிற்றிலை நுனியும் மழுங்கியிருக்கும். நம் செடியின் ஒவ்வொரு பூவிலும் மேலிதழில் ஒரு வெள்ளைப் பொட்டு தெரியும். பூ முதிர முதிர அது கருஞ்சிவப்பாகிவிடும். தேனீக்கள் வெள்ளைப் பொட்டையே தேடிப் போகும்.

பூ முடிந்ததும் வெட்டாதீர்கள். காய் பழுத்துப் பழுப்பேறி வெடித்து விதையைத் தெறிக்கட்டும். வெடிக்கும் முன் சிலவற்றைப் பறித்துத் தாள்பையில் போட்டுவைத்தால் அடுத்த செப்டம்பருக்கு ஆகும். விதையில் நச்சு உண்டு. பயறு என்று நினைத்துக் குழந்தைகள் வாயில் போடாமல் எட்டாத இடத்தில் வையுங்கள்.