வார் ஸோன் போஸ்டிங்ல இருக்குற சிவிலியன் ஸ்டாஃப் ஐடிஆர் (வருமான வரி ரிட்டர்ன்) போடும்போது பாக்க வேண்டியது

டெல்லில கவர்மென்ட் ஸ்டாஃப் நிறைய இருக்குற ஆர்.கே.புரம் பக்கம் ஜூலை வந்தாலே இந்தக் கேள்வி வந்துடும், ஆபத்தான ஊர்ல எம்பஸி வேலை பாக்குறவனுக்கும் முழு டாக்ஸானு.

முதல்ல சம்பளம் வேற, ஃபாரின் அலவன்ஸ் வேறனு பிரிச்சுக்கோங்க. வருஷம் பூரா வெளில இருந்து என்ஆர்ஐ ஆயிட்டாலும் கவர்மென்ட் சம்பளத்துக்கு இங்க வரி உண்டு, செக்‌ஷன் 9 அப்படித்தான் சொல்லுது. ஆனா வெளிநாட்டு வேலைக்காக அங்க தர்ற அலவன்ஸ், குவார்ட்டர்ஸ் மாதிரி சலுகைக்கெல்லாம் 10(7)-ல வரி இல்ல, லிமிட்டும் இல்ல, புது வரி ரெஜிம்லயும் (ரேட் கம்மி, விலக்கும் கம்மி) கிடைக்கும், அதனால இதுக்காக பழைய ரெஜிமுக்கு ஓட வேண்டாம். (செக்‌ஷன் நம்பர்லாம் 1961 சட்டத்துது, 2025-26 வருமானம் வரைக்கும். அதுக்கப்புறம் புது சட்டம், நம்பர் மாறிடுச்சு.)

ஃபார்ம் 16 (ஆபீஸ் தர்ற சம்பள, டிடிஎஸ் சர்டிஃபிகேட்) கைக்கு வந்ததும் பே ஸ்லிப்பெல்லாம் பக்கத்துல வச்சு பாருங்க, அலவன்ஸ் வரி போடுற சம்பளத்தோட கலந்திருந்தா டிடிஓவுக்கு (சம்பள பில் போடுற ஆபீசர்) மெயில் போட்டு திருத்தி வாங்குங்க, போன்ல சொன்னா நடக்காது. ரிட்டர்ன்ல சேலரி பக்கத்துல எக்ஸெம்ப்ட் அலவன்ஸ் லிஸ்ட்ல 10(7) செலக்ட் பண்ணணும். அங்க பேங்க் அக்கவுண்ட் இருந்து, நீங்க ரெசிடென்ட்னு வந்தா ஐடிஆர்-1 கூடாது, ஐடிஆர்-2 போட்டு ஷெட்யூல் எஃப்ஏ-ல (வெளிநாட்டு சொத்து எழுதுற பகுதி) காட்டுங்க.

காஷ்மீர், நார்த் ஈஸ்ட்னா கதை வேற. ராணுவத்துக்கு கவுன்டர் இன்சர்ஜென்சி அலவன்ஸ்ல மாசம் 3,900 ரூபா வரைக்கும் விலக்கு, சிவிலியனோட பார்டர் ஏரியா, டிஸ்டர்ப்ட் ஏரியா அலவன்ஸுக்கு இடத்தப் பொறுத்து மாசம் 200-லேர்ந்து 1,300 வரைக்கும்தான், அதுவும் பழைய ரெஜிம்ல மட்டும். டீ செலவுக்கு ஆகும்.

எனக்கு நிஜமாவே நியாயமா படாதது ஃபேமிலி பென்ஷன். 2008 ஜூலை 7 காபூல் இந்திய எம்பஸி வாசல்ல குண்டு வெடிச்சப்ப ஒரே கார்ல இருந்த பிரிகேடியரும் ஐஎஃப்எஸ் (வெளியுறவுத் துறை) ஆபீசரும் இறந்தாங்க. சண்டை சம்பந்தப்பட்ட டியூட்டில இறந்தா ராணுவம், பாராமிலிட்டரி குடும்பத்துக்கு 10(19)-ல பென்ஷன் முழுசா வரி இல்லாம வரும், சிவிலியன் குடும்பத்துக்கு அந்த செக்‌ஷனே கிடையாது. அவங்க அத இன்கம் ஃப்ரம் அதர் சோர்ஸஸ்ல காட்டி, மூணுல ஒரு பங்கு இல்லன்னா 25,000, எது கம்மியோ அத கழிச்சுக்கலாம், பழைய ரெஜிம்னா 15,000. சேலரி பகுதில போட்டுடாதீங்க, இந்தக் கழிவு அங்க கிடைக்காது.