மீட்டர் 26 காட்டியது, பாம்பின் வயிறு வெந்திருந்தது

போன வாரம் தெரிந்த பையன் ஒருவன் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தான். புதிதாக வாங்கிய பால் பைதான் (ball python, ஒரு வகை மலைப்பாம்பு) குட்டி, கண்ணாடித் தொட்டி, தொட்டியின் மேல் மூலையில் ஒட்டிய, சூடு காட்டும் வட்ட மீட்டர். முள் பச்சைப் பட்டையில் நிற்கிறது. "எல்லாம் கரெக்டா இருக்கா அண்ணா?" பாம்பு கிடப்பது தரையில், மீட்டர் இருப்பது ஒன்றரை அடி உயரத்தில். நான் பாம்பு வளர்க்கத் தொடங்கியபோது வாங்கியதும் அதே மீட்டர்தான், ஒட்டியதும் அதே மூலையில்தான். சிரிப்பு வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

தொட்டியை வெயிலில் வைக்கக் கூடாது, தண்ணீர் வைக்க வேண்டும் என்பதையெல்லாம் விற்றவரே சொல்லியிருப்பார். அதை விட்டுவிடுகிறேன். சூட்டையும் ஈரப்பதத்தையும் அளப்பதில் நாம் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஒரே ஒரு மீட்டர்

பாம்பும் பல்லியும் உடம்புச் சூட்டைத் தாமாக உண்டாக்கிக்கொள்வதில்லை. சூடு வேண்டுமென்றால் ஒரு பக்கம் போகும், போதுமென்றால் மறுபக்கம் வரும். அதனால் தொட்டிக்கு ஒரு வெப்பநிலை என்று கிடையாது, இரண்டு உண்டு. பால் பைதானுக்குச் சூடான பக்கம் 31, 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25, 26. பியர்டட் டிராகன் என்ற பல்லிக்கு வெயில் காயும் கல் 40 வரை போக வேண்டும், மறுபக்கம் 25, 26 போதும். நடுவில் ஒரு மீட்டரை வைத்தால் அது இரண்டையும் சொல்லாது.

ஈரப்பதமும் அப்படித்தான். இரண்டு மீட்டர் வைத்தவர்கள், "ஒன்று 70 காட்டுகிறது, இன்னொன்று 47 காட்டுகிறது, எது ரிப்பேர்?" என்று கேட்பார்கள். இரண்டுமே சரி. 25 டிகிரியில் 70 சதவீதமாக இருக்கும் காற்றை அப்படியே 32 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 47 பக்கம் இறங்கிவிடும். காற்றில் உள்ள தண்ணீர் குறையவில்லை. சூடான காற்று இன்னும் அதிகம் தாங்கும், அவ்வளவுதான். நான் குளிர்ந்த பக்கத்து எண்ணைத்தான் கணக்கில் எடுப்பேன். பால் பைதானுக்கு அங்கே 60 சதவீதம், சட்டை உரிக்கும் நாட்களில் 70.

சென்சார் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் இருப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கோபம் வரும்.

அது ஒரு ஜனவரி மாதம். அதிகாலையில் அறை 23 டிகிரிக்கு இறங்கிக்கொண்டிருந்தது. தொட்டிக்கு அடியில் ஹீட் மேட் (கரண்டில் சூடாகும் விரிப்பு) ஒட்டி, சென்சார் சொல்லும் சூட்டைப் பார்த்து அதை அணைத்துப் போடும் தெர்மோஸ்டாட்டை 32 டிகிரியில் வைத்தேன். சென்சார் ஒயரை உள்ளே விட்டு, சூடான பக்கத்துக் கண்ணாடியில் ஒரு சக்‌ஷன் கப்பால் ஒட்டினேன். நாலு நாள் ஒழுங்காக ஓடியது. ஐந்தாம் நாள் காலையில் டிஸ்பிளேயில் 26. மேட்டுக்குப் பவர் போதவில்லை என்று நினைத்து, செட்டிங்கை 34 ஆக்கிவிட்டு ஆபீஸ் போய்விட்டேன். மறுநாளும் 26. குளிர்தானே என்று விட்டுவிட்டேன்.

அதற்கும் அடுத்த நாள் தண்ணீர் மாற்றக் கிண்ணத்தைத் தூக்கியபோதுதான் பார்த்தேன், சென்சார் முனை தண்ணீருக்குள் கிடந்தது. பாம்பு இரவில் ஊர்ந்ததில் கப் கழன்று, ஒயரோடு இழுபட்டுக் கிண்ணத்தில் விழுந்திருக்கிறது. தெர்மோஸ்டாட் இரண்டு நாளாக அளந்துகொண்டிருந்தது தண்ணீரின் சூட்டை. தண்ணீர் 34 ஆகும்வரை மேட்டை அணைக்காமல் காத்திருந்தது. தரையில் விரித்த கோகோபீட்டை (தேங்காய் நார்த்தூள்) விலக்கி, தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் கன்னை அடிக்கண்ணாடியில் காட்டினால் 47 டிகிரி. பாம்பு அதற்கு மேலேயே சுருண்டு படுத்திருந்தது.

சுட்டால் நகர்ந்துவிடும் என்றுதான் நாமெல்லாம் நினைக்கிறோம். என் பாம்பு நகரவில்லை. தூக்கித் திருப்பினால் வயிற்றுச் செதிள்கள் ஒரு சாண் நீளத்துக்குச் சிவந்து, நடுவில் இரண்டு கொப்புளம். ஊர்வனவற்றைப் பார்க்கும் டாக்டரைத் தேடிப் பிடிக்கவே ஒரு நாள் ஆயிற்று. சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு, கோகோபீட்டை எடுத்துவிட்டுப் பேப்பர் விரிப்பு, இரண்டு மாதம் இரை எடுக்கவில்லை. மூன்று முறை சட்டை உரித்த பிறகுதான் தோல் ஓரளவு பழையபடி ஆனது. தழும்பு இன்னும் இருக்கிறது.

தெர்மோஸ்டாட்டுக்குப் பாம்பைத் தெரியாது, தன் சென்சார் முனை இருக்கும் இடத்தை மட்டும்தான் தெரியும். அது கழன்றாலும், தண்ணீரில் விழுந்தாலும், சுத்தம் செய்யும்போது வெளியே எடுத்துப் போட்டு மறந்தாலும், "இன்னும் குளிராக இருக்கிறது" என்றே எடுத்துக்கொண்டு சூட்டை ஏற்றும். எண் எதிர்பாராமல் குறைந்தால் முதலில் சென்சாரைத் தேடுங்கள். என்னைப் போல செட்டிங்கில் கை வைக்காதீர்கள்.

இப்போது நான் செய்வது இது. சென்சாரைத் தொட்டிக்கு வெளியே, மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் படிய வைத்து, சூடு தாங்கும் டேப்பால் இறுக்கி ஒட்டிவிடுவேன். அங்கே பாம்பால் அதைத் தொட முடியாது. தொட்டிக்குள் டேப் ஒட்டவே கூடாது. பாம்பு அதில் ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது செதிளோடு வரும். பிறகு உள்ளே, பாம்பு படுக்கும் இடத்திலேயே, கோகோபீட்டுக்கு அடியில் அடிக்கண்ணாடியைத் தொட்டபடி தனியாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனை. இது தெர்மோஸ்டாட்டோடு சம்பந்தமில்லாதது. தெர்மோஸ்டாட் தப்பாகச் சொன்னால் காட்டிக்கொடுக்க இந்த ஒன்றுதான் இருக்கிறது. தரையில் 32 வருவதற்கு வெளியே 34 வைக்க வேண்டுமா 36 வைக்க வேண்டுமா என்பது உங்கள் தொட்டியைப் பொறுத்தது. பாம்பை விடுவதற்கு முன் இரண்டு நாள் காலித் தொட்டியை ஓட்டிப் பாருங்கள். கோகோபீட்டைக் கனமாகப் போடாதீர்கள். சூடு அடியிலேயே தேங்கும், பாம்பு அதைத் தோண்டிக்கொண்டு அங்கேயே போகும்.

கண்ணாடிக்கு வெளியிலிருந்து கன் பிடிப்பது

கன் கண்ணாடியின் சூட்டைத்தான் சொல்லும், உள்ளே இருக்கும் கல்லின் சூட்டை அல்ல. மூடியைத் திறந்து பிடியுங்கள்.

வெளிநாட்டு வீடியோவைப் பார்த்துத் தினமும் தண்ணீர் தெளிப்பது

அவர்கள் வீட்டில் குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடும், காற்று வறண்டு கிடக்கும். அவர்களுக்குத் தெளிப்பது சரி. சென்னையில் நவம்பர் மழையில் அறையே 80 சதவீதத்தில் இருக்கும்போது நீங்களும் தெளித்தால் விரிப்பு காயவே காயாது. வயிற்றில் கொப்புளம் வரும், மூச்சு விடும்போது கரகரவென்று சத்தம் கேட்கும், மூக்கில் நுரை தெரியும். இந்த நிலையில் டாக்டரிடம் போயே ஆக வேண்டும்.

அதே சென்னையில் இரவெல்லாம் ஏசி ஓடும் அறை என்றால் கதையே வேறு. மாலையில் தெளித்த கையோடு மீட்டரைப் பார்த்தால் 85 இருக்கும், நிம்மதியாகத் தூங்கப் போவீர்கள். விடிகாலையில் அது 40. சட்டை துண்டு துண்டாக உரியும், கண்மேல் உள்ள தோல் அப்படியே தங்கிவிடும். லெப்பர்ட் கெக்கோ பல்லி என்றால் விரல்களில் உரியாத தோல் நூல்போல இறுகி, ரத்த ஓட்டம் நின்று விரலே போகும். அதனால் மினிமம், மேக்ஸிமம் இரண்டையும் நினைவில் வைக்கும் மீட்டராக வாங்குங்கள். காலையில் அந்த இரண்டு எண்ணையும் பார்த்துவிட்டு அழித்துவிடுங்கள்.

புது மீட்டர் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புவது

பாட்டில் மூடியில் உப்புத்தூளைப் போட்டு, சேறு பதத்துக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். அதையும் மீட்டரையும் ஒரு ஜிப்லாக் பையில் காற்றுப் போகாமல் மூடி, ஒரு நாள் அப்படியே விடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். மீட்டர் 68 காட்டினால் அது 7 குறைவாகச் சொல்கிறது. அந்த வித்தியாசத்தை ஒரு ஸ்டிக்கரில் எழுதி மீட்டரின் முதுகில் ஒட்டிவிடுங்கள். முள் மீட்டர் ஒன்றை இப்படிச் சோதித்தபோது எனக்கு 52 காட்டியது. அது இப்போது குப்பையில்.

பேட்டரி

எண் மங்கினால் மாற்றுங்கள்.

மே மாதம்

தெர்மோஸ்டாட்டுக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. மதியம் கரண்ட் போய் அறை 36 ஆனால், மேட் அணைந்திருந்தாலும் தொட்டியும் 36தான். பாம்புக்குக் குளிர்ந்த பக்கமே இல்லாமல் போகும். அந்த மாதங்களில் தொட்டியை வீட்டிலேயே குளிர்ச்சியான அறைக்கு மாற்றிவிடுவேன். மேக்ஸிமம் எண்ணை மாலையில் தவறாமல் பார்ப்பேன்.

நட்சத்திர ஆமைக்கு ஈரப்பதம் எவ்வளவு என்றும் சிலர் கேட்கிறார்கள். அதை வீட்டில் வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

அந்தப் பையன் நேற்று இன்னொரு படம் அனுப்பினான். தரையில் இரண்டு டிஜிட்டல் மீட்டர், ஒன்றில் 31.5, மற்றதில் 26. சென்சார் ஒயர் வெளியே போயிருந்தது. மேல் மூலையில் அந்த வட்ட மீட்டர் மட்டும் அப்படியே இருந்தது. ஏன் என்று கேட்டேன். "பார்க்க நல்லா இருக்குண்ணா" என்றான்.